கூட்டிப்போக வருபவர்

மார்ச் 4

என் செல்ல மகளுக்கு,

இது அப்பா எழுதுவது. யாரோ எழுதிக் கொடுத்ததல்ல, என் கையே எழுதுகிறது. நர்ஸம்மா நான்கு மாதமாகச் சொல்லிக் கொடுத்தார். ‘ஞ’ எழுதுவது மட்டும் பட்டாள லாரியைச் சந்துக்குள் திருப்புவது போல இருக்கிறது. மற்ற எழுத்தெல்லாம் ஓடுகிறது.

பட்டாளத்தில் லாரி ஓட்டிய இருபத்திரண்டு வருடமும் என் கடிதங்களைக் கூட்டாளி ஒருவன்தான் எழுதினான். நான் என்ன சொன்னாலும் ‘நலம்’ என்று முடிப்பான். நான் நலமாக இல்லை, கண்ணு. முன்னால் போன லாரி ஆட்களோடு எரிந்த நாளிலிருந்தே இல்லை. பாத்திரம் விழுந்தால் நான் கட்டிலுக்கு அடியில் ஒளிந்ததை நீயே பார்த்திருக்கிறாய். இப்போது குறைந்திருக்கிறது. “சர்க்கரை, பிரஷர் மாதிரி இதுவும் ஒரு வியாதிதான் பெரியவரே, வெட்கப்பட என்ன இருக்கு?” என்கிறார் டாக்டர். மாதக் கடைசியில் வீட்டுக்குப் போகலாமாம். உறவுக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போக வேண்டும். வருவாய் அல்லவா?

உறையின் பின்பக்கம் பார். மனநல மருத்துவமனை, முன்னாள் படைவீரர் பகுதி, எட்டாம் கட்டில். நானே எழுதினேன். அரை நாள் ஆயிற்று.

உன் அப்பா

மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். ஆனால் உறை முதலில் மாமியார் கையில் கிடைத்தது. “உங்கப்பா வாட்ச்மேன்னுதானே சொன்னே?” என்று கேட்டார். அந்த ஆஸ்பத்திரி வாசலில்தான் வேலை என்று சமாளித்தேன். “வாட்ச்மேனுக்கு எதுக்குடி எட்டாம் கட்டில்?” என்றார்.

நாத்தனாருக்கு இப்போதுதான் ஒரு வரன் கூடி வருகிறது. என் பிறந்த வீட்டில் இப்படி ஒருவர் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் பேச்சு முறிந்துவிடும். பழி என் தலையில் விழும். கல்யாணம் முடியட்டும் அப்பா, நானே வந்து கூட்டிப்போகிறேன். அதுவரை உறையின் பின்பக்கம் எதுவும் எழுத வேண்டாம். மாத்திரையை விட்டுவிடாதீர்கள். என்னைத் தப்பாக நினைக்காதீர்கள்.

உங்கள் மகள்

ஏப்ரல் 2

அன்பு மகளுக்கு,

உன் மாமியார் கேட்டது நியாயம்தான். வாட்ச்மேனுக்கு எதற்குக் கட்டில்? படித்துச் சிரித்தேன். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பழைய பீரங்கிக்காரருக்கும் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. “என் பையனும் கல்யாணம் முடியட்டும்னுதான்யா சொன்னான். அந்தக் கல்யாணத்துல பொறந்தது இப்ப காலேஜ் போகுது” என்றார்.

உன்மேல் வருத்தம் இல்லை. அந்த வீட்டில் நீ தலைநிமிர்ந்து நடக்க வேண்டும். முன்னாள் வீரர்களுக்கு ஒரு விடுதி இருக்கிறதாம். உறவு இல்லாதவர்களை மட்டும்தான் சேர்ப்பார்களாம். இன்று ஆபீசில் அதற்குப் படிவம் வாங்கினேன். குமாஸ்தா தானே நிரப்புவதாகச் சொன்னார், நான் விடவில்லை. ‘கூட்டிப்போக வருபவர்’ என்ற இடத்தில் ‘யாரும் இல்லை’ என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்து, “பெரியவரே, எழுத்து முத்து முத்தா இருக்கே” என்றார்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, கண்ணு.

அப்பா