தறிச்சத்தத்தில் வளர்ந்த குரல்

பங்குனி, வெள்ளிக்கிழமை இரவு.

தறி இரைச்சலுக்கு நடுவே வருஷக்கணக்கில் கத்திக் கத்திப் பேசியவர் என் வீட்டுக்காரர். மில்லைப் பூட்டிய பிறகும் அந்தக் குரல் இறங்கவில்லை. ஒரு துணிக்கடையில் சேர்ந்தார். வாடிக்கைக்காரர்கள் மிரளுகிறார்கள் என்று நாலே நாளில் அனுப்பிவிட்டார்கள். வீட்டில் உப்பு கேட்டாலும் தெருவுக்கே கேட்கும். அவர் உள்ளே வந்ததும் நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

இன்று காய்கறி வாங்க மில் வாசல் பக்கம் போனேன். இப்போது அங்கேதான் மோட்டார் பஸ்கள் நிற்கின்றன.

"நஞ்சன்கூடு! நஞ்சன்கூடு! ஹத்தி, ஹத்தி! ஏறுங்க!"

கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறி ஏறச் சொன்ன அந்தக் குரல் அவருடையது என்று ஆளைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் வேலையில் சேர்ந்ததை என்னிடம் சொல்லவே இல்லை. இதுவும் நாலு நாளில் போய்விடுமோ என்று பயந்திருப்பார். ஆனால் பக்கத்து பஸ் காலியாகக் கிடந்தது, இவருடையதில் உட்கார இடமில்லை.

"யாரும்மா அது, ஊரே அதிருது?" என்றாள் கத்தரிக்காய்க்காரி.

"எங்க வீட்டுக்காரருதான்" என்றேன். நானும் கொஞ்சம் சத்தமாகவே.

ராத்திரி சாப்பிடும்போது இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். எதிர்வீட்டு நாய் குரைத்தது. அப்போதுதான் கவனித்தேன், ஜன்னலைச் சாத்த மறந்திருக்கிறேன்.