தொட்ட ஆடு

தேசிய ஆடுபுலி ஆட்டக்காரர் சங்கத்தின் பொதுச்செயலாளர் அவர்களுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அணியும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததைச் சங்கத்தின் சுற்றறிக்கையில் படித்துத் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு ஒரு வரி எழுத நேரமில்லை போலிருக்கிறது.

அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை. குளியலறைக் குழாயை மாற்றியாயிற்று. மகள்தான் தினமும், "அப்பா ஏம்மா அப்படிப் பண்ணாரு?" என்று கேட்கிறாள். சட்டப்படிதான் செய்தார் என்று சொல்லிவைத்திருக்கிறேன். உங்களுக்காக நான் சொன்ன கடைசிப் பொய் அது.

தேர்வுப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் இரண்டு புலிகளை அடைத்துவிட்டேன். மூன்றாவதற்கு ஒரே ஒரு வழிதான் மிச்சம். அதையும் மூடியிருந்தால் இன்று அணியில் நான் இருந்திருப்பேன். எதிரே புலி ஆடிய கண்ணாடிக்காரரின் சட்டைக் கை பட்டு என் ஆடு ஒன்று புள்ளியை விட்டு விலகியது. நேராக வைத்தேன். நீங்கள் கோணலாக வைக்கும் காய்களைப் பதினெட்டு வருடமாக நேராக்கிப் பழகிய கை. ‘சரிசெய்கிறேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும் என்பது அதற்கு நினைவில்லை.

கண்ணாடிக்காரர் வாயே திறக்கவில்லை. நடுவர் மேசையிலிருந்து நீங்கள்தான் எழுந்து வந்து, தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்றீர்கள். நகர்த்தினேன். அடைபட்டிருந்த புலி வெளியே வந்து ஐந்து ஆடுகளைத் தின்றது.

அந்த விதியைக் கையேட்டில் எழுதியவளே நான்தான். சொந்தச் செலவில் சூனியம். ஆனால் அதற்கு அடுத்த வரியையும் நான்தான் எழுதினேன்: எதிராளி முறையிட்டால் மட்டுமே நடுவர் தலையிடலாம். உங்களுக்கு அது மனப்பாடம். அத்தனை பேர் நடுவில் நீங்கள் தலைகுனியக் கூடாதே என்றுதான் வாயை மூடிக்கொண்டேன். பெண்டாட்டிக்குச் சலுகை காட்டினார் என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் உங்களுக்கு. நான் வேறு யாருடைய பெண்டாட்டியாகவாவது இருந்திருந்தால் ஜெயித்திருப்பேன். அதுதான் ஆறவில்லை.

என் உறுப்பினர் அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். செயற்குழுவில் வைத்துவிடுங்கள்.

போட்டிக்கு முதல் நாள் நாம் பாதியில் விட்ட ஆட்டம் கூடத்து மேசையில் அப்படியே இருக்கிறது. உங்கள் புலி ஒன்று கோணலாக நிற்கிறது. தூசி தட்டும்போதுகூட நான் அதைத் தொடுவதில்லை.

அங்கே குளிர் அதிகமாம், காதை மூடிக்கொள்ளுங்கள். அணி ஜெயித்து வரட்டும், மனதாரத்தான் சொல்கிறேன். வந்ததும் அந்தப் புலியை நீங்களே நேராக வையுங்கள்.

இப்படிக்கு,
உறுப்பினர் எண் இரண்டாக இருந்தவள்