அழிக்க ஆளில்லாத பலகை

என் பாலுத் தம்பிக்கு,

கூப்பிட்டால் "என்னக்கா" என்று நீ கேட்க மாட்டாய். தெரிந்தேதான் கூப்பிடுகிறேன்.

வருகிற மார்கழியோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. பேப்பரில் உன் படத்தைப் போட்டு, கீழே ரெண்டு வரி எழுதிக் கொடுத்துவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். "கண்ணீருடன் குடும்பத்தார்னு போட்டாப் போதாதா?" என்று கேட்டார். எனக்குப் போதவில்லை. எப்படிப் போனான் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் மஞ்சள் காமாலை, மஞ்சள் காமாலை என்று சொல்லி வாய் கசந்துவிட்டது. அது பாதி பதில்தான். மீதியை யாரிடம் சொல்வது? அதனால் உனக்கே எழுதுகிறேன். யாராவது எட்டிப் பார்த்து வாசித்தால் வாசிக்கட்டும்.

ராஜபாளையத்தில் உன்னைக் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கிற கம்ப்யூட்டர் சென்டர்க்காரனாகத்தான் தெரியும். அந்தக் கம்ப்யூட்டரிலேயே போன் ஒயரைச் செருகி, மதுரைக்கு டயல் பண்ணி, நீ இன்னொரு வேலையும் பார்த்தது எத்தனை பேருக்குத் தெரியும்? அமெரிக்காவில் இருக்கிற நம் பக்கத்து இன்ஜினியர் ஒருவர் இன்டர்நெட்டில் ஒரு பேச்சுப் பலகை வைத்திருந்தார். இங்கிருந்து வெளிநாடு போனவர்கள் அதில் எழுதுவார்கள், ஒருவருக்கொருவர் பதில் போடுவார்கள். அவர் உன்னை அதற்கு மாடரேட்டர் ஆக்கினார். வருகிறதையெல்லாம் வாசித்து, சண்டையை விலக்கிவிட்டு, ஆகாததை அழித்துவிடுகிற வேலை.

அம்மா கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா?

"சம்பளம் எம்புட்டுப்பா குடுக்காவ?"

"சம்பளமெல்லாம் கிடையாதும்மா."

"பொறவு எதுக்குப்பா கண்ணக் கெடுத்துக்கிட்டு?"

"யாராச்சும் பாக்கணும்ல."

எனக்கும் அப்போது புரியவில்லை. ரவிக்கை தைக்கிறவளுக்கு இன்டர்நெட்டைப் பற்றி என்ன தெரியும்? ஒருநாள் உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் கொஞ்சம் தெரிந்தது. இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழைத் தட்டி எழுதியிருந்தார்கள். சிங்கப்பூரில் இருக்கும் செட்டியார்பட்டிக்காரர் தங்கைக்கு மாப்பிள்ளை தேடினார். இன்னொருத்தர் மேற்கே மழை இறங்கிவிட்டதா, கண்மாயில் தண்ணீர் வந்ததா என்று கேட்டிருந்தார். மஸ்கட்டில் இருந்த கணேசன் தன் அப்பா காய்ச்சலில் கிடப்பதாகக் கேள்விப்பட்டு, விவரம் தெரியாமல் தவித்து எழுதியிருந்தார். நீ ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சேத்தூருக்குப் போய், அந்தப் பெரியவரைப் பார்த்துவிட்டு வந்து, "கஞ்சி குடிக்கிறார், உங்களைத் திட்டுகிறார், தெம்பாக இருக்கிறார்" என்று எழுதினாய். அதற்கு எத்தனை பேர் சந்தோஷப்பட்டுப் பதில் போட்டிருந்தார்கள்!

சண்டை போடுகிறவர்களும் இருந்தார்கள். சாதியைச் சொல்லித் திட்டுகிறவர்கள், வீட்டுப் பெண்களை இழுக்கிறவர்கள். அவர்களுக்குக்கூடத் தனியாக மெயில் எழுதிவிட்டுத்தான் அழிப்பாய். "பட்டுனு அழிச்சா அவனுக்கும் ரோசம் வரும்லாக்கா. ரெண்டு வார்த்த சொல்லிட்டுத்தான் எடுக்கணும்" என்றாய். எத்தனை பேர் உனக்குக் கெட்ட வார்த்தையில் பதில் எழுதினார்கள் என்பதை நீ சொன்னதேயில்லை.

அதன் பிறகு அந்தப் புரட்டாசி வந்தது.

என் மகள் பவானிக்குக் காது குத்த, சனிக்கிழமை எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்கு வந்திருந்தாய். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அவள் அழுத அழுகையில் உன் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. மலையிலிருந்து இறங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்து இலை போட்டபோதுதான் ஊரில் சாதிக் கலவரம் என்று தெரிந்தது. ராஜபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் முந்தின நாள் வெட்டுக்குத்து. ரெண்டு பக்கமும் ஆள் திரள்கிறது. பஸ் நின்றுவிட்டது. கடைகள் அடைப்பு. "செத்த நேரம் பொறுத்துப் போலாம்" என்று உன்னைச் சாப்பிட உட்கார வைத்தேன்.

எதிர்வீட்டு வாத்தியார் வந்து, உனக்குப் போன் என்று கூப்பிட்டார். அவர் வீட்டு நம்பரைத்தான் நீ அவசரத்துக்குக் கொடுத்திருந்தாய். மஸ்கட்டிலிருந்து கணேசன் பேசினார். தள்ளி நின்ற எனக்கே அவர் கத்துவது கேட்டது.

"பாலு, மாரியப்பன் அண்ணாச்சி பேரப் போட்டு ஒருத்தன் எழுதியிருக்கான்ப்பா. வெட்டுனவனுவள சைக்கிள் கடையில ஒளிச்சு வச்சிருந்தாருன்னு. கடை எங்க இருக்குன்னுகூடப் போட்டிருக்கான். ஒடனே எடுத்துரு."

"எப்பருந்து கிடக்கு?"

"காலையிலருந்து கிடக்குப்பா!"

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்த மாரியப்பன் அண்ணாச்சியை நம் தெருவில் தெரியாதவர்கள் யார்? நீ பள்ளிக்கூடம் போகும்போது பஞ்சர் ஒட்டியதும் அவர்தான். அழிக்கிற சாவி, அதுதான் பாஸ்வேர்டு, உன்னிடமும் அமெரிக்கக்காரரிடமும் மட்டும்தான் இருந்தது. வாத்தியார் வீட்டிலிருந்தே அமெரிக்காவுக்குப் போன் போட்டாய். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இங்கே இருந்த ஒரே கம்ப்யூட்டர் சென்டரும் பூட்டிக் கிடந்தது. அண்ணாச்சிக்குப் போன் கிடையாது. போலீஸ் ஸ்டேஷனுக்கு அடித்தால் லைன் போகவில்லை.

"மாமா, சைக்கிளக் குடுங்க" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டாய்.

"ஏலே, கலவரத்துக்குள்ள போறேங்குற? ஒரு எழுத்துக்காகவா?"

"அங்க ஒரு ஆளு இருக்காருல்லா மாமா."

மெயின் ரோட்டில் போகவிட மாட்டார்கள் என்று மம்சாபுரம் வழியாகத் தோப்புக்குள் புகுந்து போனாயாம். வழியில் ஒரு கூட்டம் உன்னை நிறுத்தி, நீ எந்த ஆளு, என்ன சாதி என்று கேட்டதாம். வீட்டில் தெலுங்கு பேசுகிற நம்மை இரண்டு பக்கத்திலும் சேர்க்க முடியாமல் விட்டுவிட்டார்கள். பொழுது சாயும் நேரத்தில் சென்டருக்குப் போய்ச் சேர்ந்து, பாதி ஷட்டரைத் தூக்கி, கம்ப்யூட்டரைப் போட்டாய். லைன் கிடைப்பதும் அறுவதுமாக இருந்ததாம். ஒருவழியாகக் கிடைத்து, அதை அழித்துவிட்டாய். அப்பாடா என்று வெளியே வந்தபோது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புகை தெரிந்தது.

நீ அழிப்பதற்கு முன்னாலேயே எவனோ அதைத் தாளில் எடுத்து, ஜெராக்ஸ் போட்டு, ஊரெல்லாம் ஒட்டிவிட்டிருந்தான். "இன்டர்நெட்லயே வந்துட்டுய்யா" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்களாம். கையால் எழுதி ஒட்டியிருந்தால் பாதிப் பேர் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இன்டர்நெட் என்றதும் கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி ஆகிவிட்டது. அந்தத் தாளின் அடியில் மாடரேட்டர் என்று போட்டு உன் பெயரும் இருந்தது, பாலு.

மதுரை ஆஸ்பத்திரிக்கு நானும் உன்னோடு வந்தேனே. எரிகிற கடைக்குள்ளிருந்து அடுத்தவர் விட்டுப்போன சைக்கிள்களை இழுத்துப் போடப் பார்த்து, அண்ணாச்சிக்கு இரண்டு கையும் வெந்துபோயிருந்தது. துணி சுற்றிய கைகளை நெஞ்சுமேல் வைத்துக்கொண்டு உன்னைப் பார்த்தார்.

"அந்தக் காயிதத்துல இருக்கிற பாலு நீதானாப்பா?"

"நான்தான் அண்ணாச்சி. ஆனா எழுதுனது நான் இல்ல. நான் அழிச்சவன்."

அவருக்கு அந்த வித்தியாசம் புரியவில்லை. அவருக்கு எப்படிப் புரியும்?

"எம்பேரு அதுக்குள்ள எப்பிடிப் போச்சு? எழுதுனவன் என்னயப் பாத்திருக்கானா? வெட்டு நடந்த அன்னைக்கு நான் தென்காசியில மக வீட்ல இருந்தேன்ப்பா, மறுநா காலையிலதான் வந்தேன். கடையத் தொறக்கவே இல்ல. ஒனக்கு நான் எப்பமாச்சும் பஞ்சர் ஒட்ட மாட்டேன்னு சொல்லிருக்கனா?"

அவர் சம்சாரம்தான் எழுந்து வந்தது. "போயிருங்கய்யா. அழிச்சிட்டேன், அழிச்சிட்டேங்கிய. என்னத்த அழிச்சிய?"

திரும்பி வருகிற பஸ் விருதுநகர் தாண்டியிருந்தது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாய். "சென்டரத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் மிதிச்சிருந்தா அவரு கடைக்கா. நேரா அங்க போயி, கெளம்புங்க அண்ணாச்சின்னு கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்கலாம். நான் கம்ப்யூட்டருக்குப் போயிட்டேன்."

உன் மேல் என்ன தப்பு என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். நீ காதில் வாங்கவில்லை. எழுதியவன் எங்கேயோ நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கொளுத்தியவர்கள் ஜாமீனில் வந்து மாலை போட்டுக்கொண்டார்கள். நடுவில் நின்று அதைத் தடுக்க ஓடியவன் மட்டும் ஏன் அத்தனையையும் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டான்?

பலகையில் இருந்தவர்களாவது உனக்குத் துணையாக வந்தார்களா? உண்மையை மறைக்கத்தான் அழித்தான் என்று ஒரு கூட்டம் எழுதியது. பகலெல்லாம் வேண்டுமென்றே விட்டுவைத்தான் என்று இன்னொரு கூட்டம் எழுதியது. கணேசன் மட்டும் உனக்காகப் பேசிப் பார்த்தார். அவரையும் திட்டவே அவரும் ஒதுங்கிவிட்டார். நீ யார் யாருக்கோ நல்ல சேதி எழுதினாயே, அவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. கடைசியில் அமெரிக்கக்காரர் எழுதினார். இதுவரை செய்ததற்கு நன்றி, பலகையின் நன்மைக்காக நீங்கள் விலகிக்கொள்வது நல்லது என்று. உன் சாவியை வாங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு நீ யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பத்திரிகை அடிக்க வந்தவர்களை வேறு கடைக்கு அனுப்பினாய். அழிக்க முடியாவிட்டாலும் அந்தப் பலகையைத் திறந்து வைத்து வாசித்துக்கொண்டே இருந்தாய் என்று அம்மா சொன்னாள். கண் மஞ்சளானபோது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். டம்ளரைக் கையில் வாங்கி, அவள் அந்தப் பக்கம் போனதும் கீழே ஊற்றிவிட்டாயாமே. ஏன்டா? ஆஸ்பத்திரிக்கு நாங்கள் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டர் எங்களைத்தான் சத்தம் போட்டார். உன் சாவுக்கு அண்ணாச்சியின் மருமகன் வந்து, வாசலோடு நின்றுவிட்டுப் போய்விட்டார்.

இப்போதைய சேதி கேட்கிறாயா? நல்லதாக ஒன்றுமில்லை. சென்டர் இருந்த இடத்தில் வளையல் கடை வந்துவிட்டது. அம்மா என்னோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள். சாப்பிடும்போது மட்டும் எழுந்து வருகிறாள். அண்ணாச்சி தென்காசியில் மகள் வீட்டில் இருக்கிறார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன, சோறு ஊட்டித்தான் விடுகிறார்களாம். அவர் யாரையும் ஒளித்து வைக்கவில்லை என்று இன்றைக்கு ஊருக்கே தெரியும். ஆனால் ஒருத்தரும் தென்காசிக்குப் போய் அதை அவரிடம் சொல்லவில்லை. நான் போனேன். அவர் சம்சாரம் உள்ளே விடவில்லை. எழுதியவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. கடைத்தெருவில் யாராவது சிரித்துப் பேசினால்கூட இவனாக இருக்குமோ என்று பார்க்கிறேன். இப்படியே பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது?

உன் பலகையை அமெரிக்கக்காரர் மூடிவிட்டார். நீ எழுதியது, அழித்தது எல்லாம் அதோடு போயிற்று. அதே ஆட்கள் வேறு இடத்தில் புதுப் பலகை ஆரம்பித்திருக்கிறார்கள். இங்கே புதிதாக வந்திருக்கும் பிரவுசிங் சென்டரில் வேலை பார்க்கும் பிள்ளை எனக்கு அதைத் திறந்து காட்டியது. யாரும் எதையும் எழுதலாமாம், மாடரேட்டரே கிடையாதாம். அதைப் பெருமையாக மேலேயே போட்டிருக்கிறார்கள்.

அதில் இன்றைக்கு ஒரு பெயரைப் பார்த்தேன், பாலு. தேவதானத்துப் பக்கம் வேலை பார்க்கிற ஒரு நர்ஸம்மா பெயர். வேண்டுமென்றே ஊசி போடாமல் ஒரு குழந்தையைச் சாக விட்டாள் என்று எழுதியிருக்கிறான். எந்த பஸ்ஸில் வருவாள், எந்த ஸ்டாப்பில் இறங்குவாள் என்பதுவரை இருக்கிறது. கீழே ஆளாளுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். அதை எடுத்துவிடும்படி அந்தப் பிள்ளையை விட்டு மெயில் எழுதச் சொன்னேன். "யாருக்குக்கா அனுப்ப? இதுல ஆளே இல்லியே" என்றது.

அது பொய்யா நிஜமா என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மா யார், எந்த ஆளு என்றும் தெரியாது. நான் போய்ச் சொன்னால் நம்புவாளா, என்னையே சந்தேகப்படுவாளா என்றும் தெரியவில்லை. ஒருத்தியைக் காப்பாற்றினால் நாளைக்கு இன்னொரு பெயரை எழுதுவார்கள். இதற்கு முடிவே இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது. உனக்கும் அது தெரிந்துதான் அந்தக் கீழாநெல்லியைக் கீழே ஊற்றினாயோ?

ஆனாலும் நான் போகிறேன். காலையில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பி, அவள் இறங்குகிற ஸ்டாப்பில் அவளுக்கு முன்னால் போய் நிற்கிறேன். விஷயத்தைச் சொல்லி, அவளை வீடுவரை கூட்டிக்கொண்டு போய் விடுகிறேன். அவள் என்ன திட்டினாலும் சரி. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இதுக்கு மேல எனக்கு எழுத முடியலடா.

உன் சட்டையைத் துவைக்க மனசில்லாமல் வைத்திருக்கும்,
உன்னோடு கூடப்பிறந்த அக்கா.