சீனியம்மாளின் மஞ்சக்காணி ஏலம் போன விவரம்

ஆவணி 17, 1936

அன்புள்ள மகன் நல்லகாமனுக்கு உன் சின்னாத்தா செல்லத்தாய் எழுதுவது. இங்கே காய்ச்சல் தலைவலி என்று யாரும் படுக்கவில்லை, நீயும் அந்த மழைத் தேசத்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். சுகத்தைப் பற்றி இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. ஆடி இருபதாம் தேதி சாவடியில் ஏலம் தொடங்கும் முன் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் உன் அய்யாவைப் பார்த்து, நிலத் தீர்வைப் பாக்கிக்கு ஜப்தி செய்ய உன்னிடம் ஆடு மாடு ஏதும் உண்டா என்று கேட்டார். நம் மாடுகள் நாலும் சமயநல்லூரில் என் அண்ணன் உக்கிரபாண்டியின் கொட்டத்தில் கட்டிக் கிடக்கின்றன என்று நான் சொல்லவில்லை. அவர் காதுக்கு எட்டுகிற தூரத்தில்தான் நின்றேன். மாடு கன்று இருந்தால் முதலில் அதைத்தான் ஏலம் விடுவார்கள், இல்லாவிட்டால்தான் நிலத்தில் கைவைப்பார்கள். நான் வாய் திறந்திருந்தால் ஒரு ஜோடியோடு காரியம் முடிந்திருக்கும், உன்னைப் பெற்ற சீனியம்மாளின் மஞ்சக்காணி ஏலத்துக்கு வந்திருக்காது. அந்த ஒன்றரை ஏக்கரும் கிணறும் மஞ்சள் செலவுக்காக மகளுக்குக் கொடுத்தது, அவளுக்குப் பின் அவள் வயிற்றுப் பிள்ளைக்கு என்று உன் தாத்தா எழுதிய பத்திரத்தை இந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதில் எந்த வரி எங்கே இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும்.

உனக்குத் தெரிய வேண்டிய இன்னொன்றையும் இப்போதே எழுதிவிடுகிறேன். தீர்வைக்கென்று நீ இரண்டு வருஷமாக அனுப்பிய மணியார்டர் தீர்வைக்குப் போகவில்லை. உன் அய்யா மாட்டுத் தரகில் கைக்கு வந்ததையும் கட்டவில்லை. கட்ட முடியாமல் இல்லை, கட்டக் கூடாது என்றுதான் விட்டார். உன் நிலத்தை அவர் விற்க முடியாது, ஆனால் பாக்கி விழுந்தால் சர்க்கார் விற்கும், சர்க்கார் விற்பதை என் அண்ணன் எடுப்பான், ஊர் மறந்த பிறகு உன் தம்பி பேயாண்டி பேருக்கு எழுதிக் கொடுப்பான், இதுதான் ஏற்பாடு. இதை என்னிடம் சொன்ன அன்று, அவன் ஈப்போவுல தோட்டத்து ஆபீசுல சம்பளக்காரன், இந்த மேட்டுக்குழியக் கட்டி அழவா வரப்போறான், இவனுக்கு நாலு வயசு, எனக்கு அம்பத்தஞ்சு, நீயே கணக்குப் போட்டுக்கோ என்றார். நான் சரியென்றும் சொல்லவில்லை, தப்பென்றும் சொல்லவில்லை, பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்து, அதன் பிறகும் கைக்குக் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்தவள் நான், அவற்றில் நியாயத்துக்காகச் சபையில் எழுந்து பேசுகிற பெண்கள் வந்தால் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசிப்பேன். அந்தப் படிப்பு இந்த வீட்டில் உன் அய்யா சொல்லச் சொல்ல உனக்குக் கடிதம் எழுதத்தான் உதவியது. போன மாதம் உனக்கு எழுதிய கடிதத்தில் காணியில் கடலை நன்றாக வந்திருக்கிறது என்று இருந்ததே, அது ஏலம் நடந்து நாலாம் நாள் எழுதியது, என் கையெழுத்து.

அன்றைக்கு நம்முடையது மட்டும் ஏலத்துக்கு வரவில்லை. கீழத்தெரு சின்னக்கருப்பன் குத்தகைப் பாக்கியும் இல்லாமல் கள்ளத்தனமும் இல்லாமல் அரை ஏக்கர் சொந்தமாக வாங்கி, மழை பொய்த்ததால் தீர்வை நின்றுபோனவன். அவன் வீட்டுக் கறவை எருமையை முதலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதற்குப் போட்டி போட்டுக்கொண்டு கேட்டார்கள், மடியைப் பிடித்துப் பார்ப்பதும் பல்லைப் பார்ப்பதும் கேலியுமாகச் சாவடியே சந்தை போல இருந்தது, விலையும் ஏறியது. மூன்றாம் தரம் சொல்லி முடித்ததும் சின்னக்கருப்பன் பெண்டாட்டி தங்கப்பொண்ணு முன்னால் வந்து பிடிகயிற்றை மட்டும் அவிழ்த்துக் கொடுக்கச் சொன்னாள். மாட்டை விற்கிறவர்கள் கயிற்றைக் கொடுப்பதில்லையே, அது போனால் தொழுவத்தில் அடுத்த மாடு தங்காது என்று நம் பக்கத்தில் வழக்கம். தாலுகா கச்சேரிச் சேவகன், கயிறும் சேத்துத்தான் பட்டியல்ல எழுதியிருக்கு, தள்ளி நில்லு என்றான். எருமையை எடுத்தவன் நல்லவன், புதுக் கயிறு கொண்டுவந்திருந்தும் சேவகனுக்குப் பயந்து சும்மா நின்றான். அவள் திரும்பி வரும்போது என் பக்கத்தில் நின்று மெதுவாக, எங்க எருமைக்குத்தான் காலு, நடந்து வந்துச்சு, ஒங்க வீட்டு மாடெல்லாம் றெக்கை மொளைச்சுப் பறந்துருச்சா தாயி என்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும்.

அப்புறம் மஞ்சக்காணியைக் கூவினார்கள். எருமைக்கு அத்தனை சத்தம் போட்டவர்களின் தோளில் கிடந்த துண்டுகள் இப்போது கைக்கு இறங்கின. நீ சின்ன வயதில் உன் அய்யாவோடு மாட்டுத் தாவணிச் சந்தைக்குப் போயிருக்கிறாய், தரகர்கள் துண்டுக்குள் கை கோத்து விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பாய், வெளியே நிற்கிறவனுக்கு அவர்கள் சும்மா நிற்பது போலத்தான் தெரியும். ஏலத்தில் துண்டுக்கு வேலையே இல்லை, வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். ஆனால் தரகர் விருமாண்டியின் துண்டுக்குள் ஒவ்வொருவனும் வந்து கைவிட்டு எடுத்துவிட்டுப் போனான், கடைசியில் உன் அய்யாவின் கையும் போனது. யாருக்கு எவ்வளவு, யார் வாய் திறக்கக் கூடாது என்பதெல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது. என் அண்ணன் ஒரு விலை கேட்டான். அதற்கு மேல் ஒரு குரல் இல்லை. இன்ஸ்பெக்டர் பாவம் வெளியூர்க்காரர், கிணற்றோடு சேர்த்து இவ்வளவுதானா என்று இரண்டு தடவை கேட்டார். விருமாண்டி, தண்ணி உப்புங்க எசமான், குடிச்சா மாடே காறித் துப்பும் என்றான், எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தண்ணீரில்தான் நான் ஒன்பது வருஷமாக உலை வைக்கிறேன். ஒரு தரம், ரெண்டு தரம் என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் பெண்கள் பக்கமும் ஒரு பார்வை பார்த்தார். மூன்றாவது தரத்தையும் சொன்னார்.

ஏல நோட்டீசில் அடியில் சின்ன எழுத்தில் ஒன்று இருந்தது. நிலத்தில் பாத்தியம் உள்ளவர் முப்பது நாளுக்குள் பாக்கியும் செலவும் கட்டினால் ஏலம் ரத்தாகும் என்று. சாவடிச் சுவரில் ஒட்டியபோது ஊராருக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன், அந்த வரியை வாசிக்காமல் விட்டேன். ஏலம் முடிந்த அன்றே உனக்கு எழுதியிருந்தால் பன்னிரண்டு நாளில் கப்பல் தபால் வந்திருக்கும், நீ தந்தி மணியார்டர் அனுப்பியிருப்பாய். எழுதவில்லை. பிள்ளை தூங்கும்போது அவன் முகத்தைப் பார்த்தால் எழுதத் தோன்றவில்லை, உன் சட்டை பெட்டியில் கிடப்பதைப் பார்த்தால் சாப்பாடு இறங்கவில்லை, இப்படியே இருபத்தாறு நாள் ஓட்டினேன். நேற்று உன் அய்யா சந்தைக்குப் போன பிறகு, பேயாண்டிக்குக் காதுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு மோட்டார் பஸ் ஏறி, என் காதுத் தோட்டை அடகு வைத்துப் பணத்தோடு தாலுகா கச்சேரிக்குப் போனேன். குமாஸ்தா மரியாதையாகத்தான் பேசினார். பட்டாவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சீனியம்மாள், பையன் நல்லகாமன், சரிதான், நீங்க தாயார்தானே என்றார். ஆமாம் என்றேன். அப்ப இங்கன கையெழுத்துப் போடும்மா, சீனியம்மாள்னு என்று பேனாவை மையில் தொட்டுக் கொடுத்தார். எனக்கு அந்தப் பெயரை எழுத வரவில்லை தம்பி. சீனியம்மாள் செத்துப் பத்து வருஷம் ஆகிறது, நான் இரண்டாந்தாரம், என் பெயர் செல்லத்தாய் என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு, அப்ப ஒனக்கு இதுல என்ன பாத்தியம், பையன் வரணும், இல்ல அவன் கையெழுத்துப் போட்ட அதிகாரப் பத்திரம் வரணும் என்றார். இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது, அவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான் என்றேன். அதுக்கு நான் என்னம்மா பண்ணட்டும் என்றார், அவர் கேட்டதிலும் தப்பில்லை. ஊரே கேட்க உண்மை சொல்ல வேண்டிய நாளில் வாயை மூடிக்கொண்டிருந்தவள், ஒரு கையெழுத்து போதும் என்ற இடத்தில் உண்மை பேசிவிட்டு வந்திருக்கிறேன். பேயாண்டி மேசையில் கிடந்த அரக்குக் கட்டியை எடுத்துக் கொடுக்கச் சொல்லி அழுதான், அவனை முதுகில் ஒன்று வைத்தேன். அவனை நான் அடித்தது அதுதான் முதல் தடவை.

இதை உன்னிடம் மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை, மன்னித்துவிட்டேன் என்று நீ எழுதினால் அதையும் உன் அய்யாவுக்கு நானே வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். உன்னைவிட ஆறு வயதுதான் மூத்தவள் நான், தாயாக நினைத்து நீ என்னை ஒரு நாளும் எடுத்தெறிந்து பேசியதில்லை, உனக்கு நான் செய்தது இது. தோட்டத்தில் மழைக்காலத்தில் வெறுங்காலோடு நடக்காதே, சம்பளத்தை இனி உன் பெயரிலேயே தபாலாபீசில் போட்டு வை, இங்கே யார் கேட்டாலும் அனுப்பாதே, நான் கேட்டாலும் அனுப்பாதே. நீ நல்ல இடத்தில் பெண் கட்டி, பிள்ளை குட்டியோடு நெடுநாள் வாழ வேண்டும், உன் சம்பாத்தியத்தில் வாங்குகிற நிலம் உன் கையை விட்டுப் போகாமல் இருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே. அடுத்த வாரம் உன் அய்யா சொல்லச் சொல்ல இன்னொரு கடிதம் எழுதுவேன், அதில் இங்கே எல்லாம் க்ஷேமம் என்று இருக்கும், எழுத்து இதே எழுத்துத்தான், அதை நம்பாதே.

இப்படிக்கு,
உன் சின்னாத்தா
கா. செல்லத்தாய்

பி.கு. ஆவணி 25. இதைத் தபாலில் சேர்க்க இன்றுதான் முடிந்தது. ஏலம் உறுதியாகி உத்தரவு வந்துவிட்டது, பட்டா உக்கிரபாண்டி பெயருக்கு மாறிவிட்டது. மாட்டைக் கேட்கப் போன உன் அய்யாவிடம், தீனி போட்டதுக்கு ஒரு ஜோடி எனக்கு, காணியப் பத்தி இனி பேசாதீக மச்சான், ஏலத்துல எடுத்தது நானு என்று சொல்லி ஒரு ஜோடியைத்தான் அவிழ்த்து விட்டிருக்கிறான். திங்கட்கிழமை காணியை உழுது சோளம் விதைத்தான்.