முன்பாரம் நாலு மணங்கு

மழையில் நனைந்த சவுக்கு விறகுக்கு ஒரு புளித்த வாசனை உண்டு. இன்று காலை மயிலாப்பூர் விறகுத் தொட்டியின் வாசலைக் கடக்கும்போது அது மூக்கில் ஏறியது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் உன்னோடு சண்டை போட்டு முடியவில்லை. எதிரில் இருந்தால் பேசித் தீர்த்திருப்பேன் என்றும் சொல்ல முடியாது. எதிரில் இருந்தபோதும் நீதான் பேசினாய், நான் தலையை ஆட்டினேன்.

அந்தப் பெட்டி வண்டி யாருடைய யோசனை? உன்னுடையது. நம் பள்ளிக்கூடத்தில் நீ விஞ்ஞானம், நான் கணக்கு. நம்மிடம் இருந்த சோதனைச் சாமான்கள் மற்றப் பெண்கள் பள்ளிகளில் இல்லை என்று உனக்கு ஒரு குறை. "அவங்க இங்க வர முடியாட்டி, நாம அங்க போவோம்" என்றாய். சாந்தோமில் மூன்று தலைமுறையாக வாத்தியார் வேலை பார்த்த வீட்டுப் பெண் நீ. எதையும் வாய்விட்டுக் கேட்டால் கிடைத்துவிடும் என்று வளர்ந்தவள். கேட்டாய், கிடைத்தது. உன் மாமாவின் பழைய மோட்டார், அதன் டிரைவர், மோட்டாருக்குப் பின்னால் மாட்டி இழுக்க ஒரு பட்டறையில் செய்து வாங்கிய இரண்டு சக்கரப் பெட்டி. நான்கு பக்கமும் பலகை, மேலே தகரம், பின்னால் கதவு. உள்ளே படம் காட்டும் விளக்கு, அதற்கு நான்கு பாட்டரிகள், கண்ணாடி ஜாடிகள், தேக்குப் பெட்டியில் படுத்திருக்கும் ஒரு முழு எலும்புக்கூடு.

முதல் பயணம், புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தியாகராய நகருக்கு. ஆழ்வார்பேட்டை தாண்டுவதற்குள் பெட்டி பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்தது. மோட்டார் நேராகப் போக, பெட்டி மட்டும் தெருவின் இரண்டு ஓரங்களையும் தொட்டு வந்தது. இரண்டு ஜாடிகள் போயின. தலைமை ஆசிரியை உன்னைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆனால் எலும்புக்கூடு பள்ளியை விட்டு வெளியே போகாது என்று சொல்லிவிட்டாள்.

காரணம் எனக்குத் தெரியும். பெட்டிக்குள் எட்டிப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எடுக்க வசதி என்று கனமான பாட்டரி நான்கையும் நீ கதவோரம் அடுக்கியிருந்தாய். அச்சுக்குப் பின்னால் அத்தனை பாரம். ஒற்றை மாட்டு வண்டியில் இப்படி ஏற்றினால் மாடு ஒரு தெரு தாண்டாது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று நீ கேட்பாய். உன் குணம் அது. பதில் சொல்ல வேண்டி வரும்: என் அப்பா விறகு வண்டி ஓட்டுகிறார், நான் வண்டியில் உட்கார்ந்து வளர்ந்தவள்.

உபகாரச் சம்பளத்தில் படித்து பி.ஏ. முடித்து, விடுதியில் ஓர் அறை எடுத்து, நல்ல நூல் புடவை கட்டி, ஆசிரியைகள் அறையில் உங்களோடு உட்கார்ந்து காப்பி குடிக்கும் இடத்துக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அது உங்களுக்குத் தெரிந்தால் அந்த நாற்காலி என்னிடமிருந்து போய்விடும் என்று நம்பினேன். அதனால் உன் பாட்டரிகள் கதவோரமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ விடவில்லை. உன் மாமா வைத்திருந்த ஏதோ மோட்டார்ப் புத்தகத்தைப் புரட்டி, இழுக்கும் தண்டின் நுனியில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று கண்டுபிடித்தாய். "பெரிய தராசு எங்க இருக்கு? விறகுத் தொட்டியில!" என்று நீயே கேட்டு நீயே பதிலும் சொன்னாய். நான் உப்பு மண்டி என்றேன். இரும்புக் கடை என்றேன். "கூப்பிடு தூரத்துல தராசு இருக்கும்போது இரும்புக் கடைக்கு ஏன்டி போகணும்?" என்றாய். அந்தத் தொட்டியில்தான் என் அப்பா வண்டி கட்டுகிறார் என்று எப்படிச் சொல்வேன்?

அவர் இருக்கக் கூடாது என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தேன். இருந்தார். மாட்டை அவிழ்த்துவிட்டு, வண்டியில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். மோட்டாரிலிருந்து இறங்கிய என்னைப் பார்த்தார். தலைத்துணியை நெற்றிக்குக் கீழே கொஞ்சம் இறக்கிக்கொண்டார். பிறகு, தெருவில் போகிற யாரோ ஒரு பெண்ணிடம் சொல்வது போல, "ஓரமா நில்லுங்கம்மா, சிராய் குத்தும்" என்றார்.

நில்லுங்கம்மா என்றார். நான் நின்றேன்.

நீயோ தொட்டிக்காரரிடம் வழக்காடிக்கொண்டிருந்தாய். "விறகு வாங்க வந்தியா, வண்டிய நிறுக்க வந்தியாம்மா?" என்று அவர் கேட்டார். "ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டு நீ இரும்புத் தண்டின் நுனியைத் தராசுத் தட்டில் போட்டாய். பெட்டி முன்பக்கம் குப்புறக் கவிழ்ந்து நின்றது.

அப்பாவால் பொறுக்க முடியவில்லை. "இன்னாமா இது, மூஞ்சி தரையில குத்திக்கினு கீது? மோட்டார்ல மாட்டினா எம்மாம் ஒசரத்துல நிக்குமோ, அம்மாம் ஒசரத்துல வெச்சுல்ல நிறுக்கணும்" என்று ஒரு விறகுக் கட்டையைத் தட்டில் நிறுத்தி, அதன் மேல் நுனியை வைத்தார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் சிராய்க் கட்டைகளைச் செருகினார். எதிர்த் தட்டில் எடைக்கல் ஏறியது. ஒரு மணங்கு, ஓர் இடுப்புக் குழந்தையின் கனம், வைத்ததுமே தண்டு மேலே எழும்பிவிட்டது.

"லேசா இருந்தா நல்லதுதானே? இழுக்கச் சுலபம்" என்றாய்.

"அதான் எமன்மா. பின்பாரம் ஏறுனா நுகத்தடி மேல கெளம்பும், பூட்டாங்கயிறு மாட்டுக் கழுத்த நெரிக்கும். மோட்டாருக்குக் கழுத்து இல்ல. அதான் வால ஆட்டுது."

"எவ்வளவு இருக்கணும்?"

"ஒரு ஆளு முக்கித் தூக்கணும். ரொம்ப முக்கினாலும் தப்பு, மாடு முட்டி போட்டுடும். உன் கணக்குல அது இன்னானு எனக்கு இன்னாமா தெரியும்?"

கணக்கு வாத்தியாரம்மா பக்கத்திலேயே ஊமையாக நின்றாள். நீ பாட்டரிகளை அச்சுக்கு முன்னால் தள்ளச் சொன்னாய். தேக்குப் பெட்டியை முன்பலகையோடு ஒட்டிக் குறுக்கே வைக்கச் சொன்னாய். ஒவ்வொரு தடவையும் அப்பா தண்டைத் தூக்கிப் பார்த்து "இன்னும்", "இன்னும்" என்றார். கடைசியில் "இதான்" என்றார். நிறுத்தால் நாலு மணங்கு. பெட்டியும் சாமானும் சேர்ந்து முப்பத்திரண்டு. "எட்டில் ஒரு பங்கு!" என்று நீ குதித்தாய். அவருக்குக் கும்பிடு போட்டாய். நான் அதுகூடச் செய்யவில்லை.

சனிக்கிழமை அடையாற்றுக்குக் கிளம்பினோம். பாலத்தை நெருங்கும்போது பெட்டி மறுபடி நெளிந்தது, முன்னை விட மோசமாக. நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கூடைகளோடு வந்த பெண்கள் சிதறி ஓடினார்கள். ஒருத்தி கூடையை இடுப்பில் இறக்கிக்கொண்டு, "கஸ்மாலம்! பொட்டிய புடிச்சுக்கினு ஓட்டுய்யா! ஆளத் தள்ளினு போவுது பாரு!" என்று கத்தினாள். டிரைவர் நைனா பிரேக்கை மிதிக்க, பெட்டி இன்னும் அகலமாக ஆடி, ஒருவழியாக நின்றது.

"நாலு மணங்குதானே? நிறுத்தோமே!" என்று நீ அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் கதவைத் திறந்தேன். தேக்குப் பெட்டி கதவோரம் கிடந்தது. அதன் மூடி மேல் இரண்டு பாட்டரிகள்.

நைனா தலையைச் சொறிந்தார். "அது என் முதுகாண்ட படுத்துக்கினு வருதும்மா. எப்படி ஓட்டறது? அதான் கடைசில தள்ளிட்டேன். எந்திரிச்சு வரக்கூடாதுன்னு மேல ரெண்டு பாட்டரி வெச்சேன்."

நீ பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாய். ஒரு பள்ளிக்கூடமே நமக்காகக் காத்திருந்தது, தலைமை ஆசிரியை காதுக்குப் போனால் எல்லாம் முடிந்தது, மீன்காரி இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள், நீ கண்ணில் நீர் வரச் சிரித்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சிரிக்காதே! நிறுத்த அன்னிக்கு சரியா இருந்தா போதுமா? ஒவ்வொரு தடவையும் கிளம்பறதுக்கு முன்னால தண்டைத் தூக்கிப் பார்க்கணும். சாமான் ஒரு சாண் நகர்ந்தாலும் பாரம் மாறும்" என்று கத்தினேன். நானே புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நைனாவோடு பாட்டரிகளை முன்னால் நகர்த்தினேன். தேக்குப் பெட்டியைப் பழைய இடத்தில் குறுக்கே போட்டு, நைனாவின் நிம்மதிக்காக ஒரு கயிற்றால் கட்டினேன். தண்டைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். இதான்.

உன் சிரிப்பு நின்றிருந்தது. "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கேயோ படிச்சேன்."

"எந்தப் புத்தகம்?"

நான் மோட்டாரில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மோட்டார் கிளம்பியது. பெட்டி நூல் பிடித்த மாதிரி பின்னால் வந்தது. நீ வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாய், ஆனால் அதை மறுபடி கேட்கவில்லை. எதையும் மூன்று தடவை கேட்கிற நீ, அதை மட்டும் அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஒன்றரை வருஷம் சுற்றினோம். சைதாப்பேட்டை, திருவான்மியூர், வடபழனி வரை. ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ வரும்போதே பாரம் சரியாக இருந்தது. "எப்படி?" என்றால், "எல்லாம் கணக்குதான்" என்பாய். கணக்கு வாத்தியாரிடமே சொல்லும் பேச்சு! அப்புறம் ஒரு மழைக்காலத்தில் விஷக் காய்ச்சல். மூன்று வாரம். நான் பார்க்க வந்தபோது உனக்கு ஆள் தெரியவில்லை.

உன்னை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் மதில் ஓரமாக அப்பா நின்றிருந்தார். துவைத்த சட்டை, தலைத்துணி இல்லை. அவருக்கு எப்படித் தெரியும் என்று திகைத்துப் பக்கத்தில் போனேன். அங்கேயும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார்.

"நீ எப்படிப்பா இங்க?"

"வாராவாரம் வரும் அந்தப் பொண்ணு. விடிகாலைல மோட்டாரக் கொண்டாந்து நிறுத்தி, 'அப்பா, பாரம் பாருங்க'ன்னு நிக்கும். தூக்கிப் பாத்து சொல்லுவேன். மூணு வாரமா காணும். நைனாவக் கேட்டேன், சொன்னான்."

"அப்பான்னா கூப்பிட்டா?"

"மொத நாளே கண்டுக்கிச்சும்மா. நீ நின்ன நிலைய பாத்தே தெரிஞ்சுதாம். நான் ஒண்ணும் சொல்லல. 'அவகிட்ட நாம முந்திக்க வேணாம்பா, அவளே சொல்லட்டும்'னு சொல்லிச்சு."

இரண்டு பேரும் சேர்ந்து எனக்காகக் காத்திருந்திருக்கிறீர்கள். ஒன்றரை வருஷம்! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? பாலத்தில் இன்னும் ஒரே ஒரு தடவை "எந்தப் புத்தகம்?" என்று பிடித்து உலுக்கியிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருக்க மாட்டேன். உனக்கு அதுவும் தெரிந்திருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

தலைமை ஆசிரியை குடையோடு பக்கத்தில் வந்தாள். அப்பா இரண்டு அடி விலகினார், பழக்கம். "யாரும்மா இவர்?" என்று கேட்டாள்.

"எங்க அப்பா" என்றேன். "விறகு வண்டி ஓட்டறார்."

"அப்படியா?" என்றாள். அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். குடையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, புடவை நனையாமல் குழியருகே போனாள். அவ்வளவுதான். இத்தனை வருஷம் நான் பயந்தது அவ்வளவுதான்.

இப்போது ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் நாள், பெண்களிடம் அவரவர் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்பதற்கு முன் என் அப்பாவின் தொழிலை நானே சொல்லிவிடுகிறேன். முதலில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை யார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் சொல்வதற்குள் நீ போய்விட்டாய். அதற்குத்தான் உன்னோடு இன்னும் பேச்சு வார்த்தை இல்லை.