ஓ.சி. கார்டும் நித்யாவும்

மே 12, திங்கள்

கத்திரி வெயில். காலையிலேயே ஃபேன் காற்று சுடுகிறது. என் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டு போச்சு. திரையில் கோடு கோடாக வந்தது, பிறகு கறுப்பு. போகிற நேரமா இது.

மாமல்லபுரத்திலிருந்து பட்டறை முதலாளி போன். "வெளிநாட்டுக் கோயிலுக்கு சிலைங்கம்மா. எல்லாமே சுவத்து மாடத்துல வைக்கிறது. மொதல்ல துர்க்கை. நீயும் நித்யாவும் ஆளுக்கு ஒண்ணு பண்ணி ஞாயித்துக்கெழமைக்குள்ள அனுப்புங்க. யாரோடது அவங்களுக்குப் புடிக்குதோ, அவங்க இனிமே பட்டறைக்கு நிரந்தரம். மாசச் சம்பளம்."

கல்லில் வெட்டும் முன் சிலையைக் கம்ப்யூட்டரில் செய்து படமாக்கிக் கொடுப்பது எங்கள் வேலை. நானும் நித்யாவும் ஒரே இன்ஸ்டிடியூட், ஒரே பெஞ்ச். இதுவரை ஆளுக்குப் பாதி வேலை. இனி ஒருத்திக்குத்தான்.

போன மாதப் பிள்ளையார். எனக்குப் படமாகி வர ஒரு நாள் முழுக்க ஓடியது. நித்யா சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அனுப்பிவிட்டாள். "அந்தப் பொண்ணு மின்னலும்மா" என்றார் முதலாளி. என்னிடமே சொல்கிறார்! அவள் சமீபத்தில்தான் புதுக் கார்டு வாங்கினாள். இந்த வேகம் சும்மா வருமா? ஓ.சி. கார்டுதான், ஓவர்கிளாக், வேகத்தை முடுக்கிவிட்ட வகை. அவளிடம் கேட்கவில்லை. கேட்பேனா நான்?

தக்காளி. சோப்பு. கேஸ் புக் பண்ண.

மே 13, செவ்வாய்

செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடை. ஏ.சி. இருக்கிறது, ஓடவில்லை. ஒரே கார்டில் இரண்டு வகை எடுத்து வைத்தார் கடைக்காரர்.

சாதா: இரண்டு ஃபேன். குட்டை. என் பெட்டிக்குள் அடங்கும். சூடு குறைவு.

ஓ.சி.: மூன்று ஃபேன். என் முழங்கை நீளம். கரண்ட் அதிகம் இழுக்கும். என் பழைய பவர் சப்ளை தாங்குமா, சந்தேகம்.

கடைக்காரர்: "ரெண்டும் ஒரே சிப்புதாம்மா. ஓ.சி.ல கம்பெனிக்காரனே கொஞ்சம் முடுக்கிவுட்டு அனுப்புறான். சாதாவ வாங்கிக்கினு நீங்களே கூட முடுக்கிக்கலாம். ஒரு மணி நேர வேலைல ஒண்ணு ரெண்டு நிமிசம் மிச்சமாவும். அதுக்கு இன்னாத்துக்கு?"

இதெல்லாம் எனக்குத் தெரியாதா. நாலு வீடியோ பார்த்தாயிற்று. எல்லாரும் சாதாவே போதும் என்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் டேனியலிடம் சொன்னேன். தட்டிலிருந்து தலையே தூக்காமல், "அப்போ சாதாவே வாங்கு. நித்யா கிட்ட இன்னா கீதுன்னு பாத்து வாங்காத" என்றார். புருஷனுக்கு இவ்வளவு புத்தி இருக்கக் கூடாது. ரசத்தில் உப்பு இல்லை என்று வேறு சொன்னார்.

மே 14, புதன்

ஓ.சி. வாங்கியாயிற்று.

பெட்டிக்குள் போகவில்லை. ஹார்ட் டிஸ்க் மாட்டும் தகரக் கூண்டு குறுக்கே நிற்கிறது. அதுவும் ரிவெட் அடித்தது, கழற்ற முடியாது. டேனியல் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்ச் சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தார். பேசியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.

மே 15, வியாழன்

பெட்டியை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு பட்டறைக்கு. பட்டறைச் சிற்பி கோதண்டம் அண்ணன் கல் வெட்டும் மெஷினாலேயே கூண்டை அறுத்துக் கொடுத்தார். பொறி பறந்தது. உள்ளெல்லாம் கல் தூசி. துடைத்துத் துடைத்து என் துப்பட்டா சாம்பல் நிறம்.

அந்த நேரம் பார்த்து நித்யா. கூலிங் கிளாஸ், புதுச் செருப்பு. "இன்னாடி ஜெனி, பொட்டியையே செதுக்கிக்கினுகீற?" அண்ணன் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவளைக் கண்டால் பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பேசுகிறது. எனக்கு ஒரு டீ வரவில்லை. அவள் கேட்காமலே அவளுக்கு வந்தது.

மே 17, சனி

நேற்று பகல் முழுக்க துர்க்கை முகம் மட்டும். உதட்டோரம் கோபமும் வேண்டும், கருணையும் வேண்டும். வந்தது. என் கை செய்ததிலேயே நல்ல முகம். ராத்திரி முழுக்க உட்கார்ந்து முதுகுப் பக்கமும் விடவில்லை. பின்னல், சடைபில்லை, ஒட்டியாணத்தின் ஒவ்வொரு மணியும். நித்யா இவ்வளவு செய்வாளா?

இன்று சிலையைப் படமாக்க ரெண்டர் போட்டேன். ஓ.சி.யும் ஊர்கிறது. பழைய கார்டைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். மூன்று ஃபேனும் மாவு மில் சத்தம். பாதியில் மொத்தமாக அணைந்தது. திரும்பப் போட்டேன். திரும்ப அணைந்தது. கடைக்காரர் போனில்: "பவர் சப்ளை பத்தலம்மா. வேற மாட்டணும். திங்கக்கெழம வாங்க." நாளை ஞாயிறு. நாளைதான் கெடு.

வேறு வழியில்லாமல் நித்யாவுக்குப் போன். "அதுக்கு ஏன்டி அழுவுற? வூட்டுக்கு வா. என்னோடதுல ஓட்டிக்க. நான் காலைலயே அனுப்ட்டேன்."

அனுப்பிவிட்டாளாம்! காலையிலேயே!

மே 18, ஞாயிறு

கோயில் முதல் ஆராதனைக்குப் போய்விட்டு நேராக மாமல்லபுரம் பஸ். நித்யா வீடு குப்பத்தில், கடலுக்கு இரண்டு தெரு இந்தப் பக்கம். அவள் அம்மா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

அவள் கம்ப்யூட்டரின் பக்கத் தகடு கழற்றி இருந்தது, சூட்டுக்காக. உள்ளே பார்த்தேன். குட்டைக் கார்டு. இரண்டு ஃபேன். சாதா.

"ஓ.சி. இல்லையாடி?"

"அது இன்னாத்துக்கு? இதுவே நல்லா ஓடுது."

அவள் மெஷினில் என் துர்க்கையைப் போட்டேன். அதே ஊர்தல். அவள் எட்டிப் பார்த்தாள். மாடலைச் சுற்றித் திருப்பினாள். முதுகுப் பக்கம் வந்ததும் நிறுத்தினாள். "இன்னாடி இது? முதுகெல்லாம் நகை போட்டுகீற? மாடத்துல வைக்கிற செலடி. பின்னாடி சுவரு. கோதண்டம் அண்ணாத்தயே அங்க வெறுங்கல்லா வுட்ருவாரு. இத்தினி மணி இருந்தா எந்தக் கார்டுதான் தாங்கும்? மெமரி ரொம்பிடுச்சு பாரு."

ஆக, மின்னல் கார்டில் இல்லை.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ராத்திரி முழுக்க உழைத்த முதுகு. அவளுக்குக் காட்டுவதற்காகச் செய்த முதுகு. "நீயே அழி" என்றேன். "உன் கையால அழி. என் கை இதுல பட வேணாம்" என்றாள். அழித்தேன். அவள் அம்மா சோறு போட்டு, வஞ்சிரம் வறுத்து வைப்பதற்குள் படம் வந்துவிட்டது. அனுப்பினேன். மீன் நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சல்.

மே 20, செவ்வாய்

லேசாகத் தூறல். மண் நனையவில்லை.

முதலாளி போன். என்னுடையதாம்! முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எதையும் பார்க்கவில்லையாம் அவர்கள். ஒண்ணாம் தேதியிலிருந்து பட்டறை. போனில் சொன்னதும் டேனியல் ரயிலில் இருந்தே கத்தினார், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

அடுத்த போன் நித்யா. காத்திருந்தேன். எரிச்சலை மறைக்கிற அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், எத்தனை தடவை நான் அதே குரலில் "சூப்பர்டி" சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை நானும் அதைக் கேட்க வேண்டும்.

"ஜெனி! அந்த மூஞ்சிய நேத்தெல்லாம் எங்கம்மாகிட்ட சொல்லிக்கினு இருந்தன்டி. எனக்கு ஜென்மத்துக்கும் வராது. பிரியாணி எப்போ?" அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்கிறாள், சிரிக்கிறாள், மூச்சு வாங்குகிறாள். தேடித் தேடிப் பார்த்தேன். பொறாமை ஒரு துளி இல்லை. வேலை போனவள் அவள்.

போனை வைத்தும் வயிறு எரிகிறது. அவளிடம் இருக்கும் இதை எந்தக் கடையில் போய்க் கேட்பது.