பதினேழாம் நம்பர் அட்டைக்கு வந்த நோய்

அனுப்புநர்:
எல்லையம்மாள், வயது 57,
க/பெ. காலஞ்சென்ற வீரையன்,
கீழத்தெரு, புன்னைக்குடிக்காடு,
ஒரத்தநாடு வழி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தஞ்சாவூர்.

பொருள்: ஊசி மருந்துச் சோதனை – அட்டை எண் 17 – என் பெயரை என் மருமகளுக்கு மாற்றித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. சென்ற ஆவணியில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் தடுப்பு முகாம் என்று போட்டு, வாரம் ஒன்றாக ஆறு ஊசி என்றார்கள். இங்கிலீஷில் அச்சடித்த தாளில் என் ரேகையை வாங்கிக்கொண்டு 17 என்று எண் போட்ட அட்டை கொடுத்தார்கள். தாளில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஊசி போட்டுக்கிறீங்கன்னு இருக்கும்மா, வேற என்ன இருக்கப்போவுது" என்றார் எழுத்தர். சோதித்துப் பார்க்கிற மருந்து என்று அவர் சொல்லவில்லை.

2. நடவுக்கு எங்கள் வீட்டில் ஒரு பெயர் எழுதினால், அன்று யாருக்குத் தோதோ அவர் போவது வழக்கம். மிராசுதாரர் தலையை எண்ணுவார், முகத்தைப் பார்க்கமாட்டார். ஊசிக்கும் அப்படியே போனோம். முதல் வாரம் நான். இரண்டாம் வாரம் என் மகன் இளையபெருமாள், மீசையோடுதான் போனான். பிறகு நான்கு வாரமும் மருமகள் அம்சம். அப்போது அவளுக்கு நான்காம் மாதம்.

3. எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் துரைராசு முகாம் பதிவேட்டைப் பார்த்துவந்து சொன்னார். அதன்படி, ஒன்பது வருடமாக விதவையான நான் ஒரே வாரத்தில் பதினோரு கிலோ கூடி, மறுவாரம் கர்ப்பமாகியிருக்கிறேன். மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிக் கீழே கோடும் போட்டிருக்கிறார்களாம்.

4. ஆறாம் ஊசிக்குப் பிறகு அம்சத்துக்குக் காய்ச்சல் கண்டு, இரண்டு காலும் விழுந்துவிட்டன. இளையபெருமாள் அட்டையோடு முகாமுக்கு ஓடினான். ஜீப் வந்தது. அட்டையில் உள்ள பெயர் யாருடையது என்று கேட்டு, என்னை நடக்கச் சொன்னார்கள். உள்ளே படுத்திருப்பவளைப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். 17 குணமாகிவிட்டது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

5. மறுபடி போய்க் கேட்டோம். அம்சம் என்ற பெயரில் எவருக்கும் ஊசி போடவில்லை, ஆகவே அவளுக்கு வந்தது எங்கள் ஊசியால் வந்த நோய் அல்ல என்கிறார்கள். என்ன மருந்து என்று தெரியாமல் வேறு டாக்டரும் கை வைக்க மறுக்கிறார். ஆளை மாற்றி அனுப்பியது எங்கள் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவளுக்கு இப்போது ஏழாம் மாதம். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு எந்த எண்ணில் அட்டை என்று எங்களுக்குத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அய்யா.

6. எனவே, அம்சம் எழுந்து நடக்கும்வரை எல்லையம்மாள் என்ற என் பெயரை அவளுக்கு மாற்றி உத்தரவிட வேண்டுகிறேன். அதுவரை நான் பெயரில்லாமல் இருந்துகொள்கிறேன். ஒரு சங்கடம் உண்டு. மூன்று வருடம் போராடி, இருமுறை போலீஸ் லாரியில் ஏறி வாங்கிய குடிசை மனைப் பட்டா அந்தப் பெயரில்தான் இருக்கிறது. பெயர் போனதைக் காட்டி மிராசுதாரர் குடிசையைப் பிரித்துவிடாமல் தாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், பட்டா போகட்டும். அவளை ஜீப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

இடம்: புன்னைக்குடிக்காடு
நாள்: 18.11.1974

இப்படிக்கு,
இன்றுவரை எல்லையம்மாள்
(இடது பெருவிரல் ரேகை)

குறிப்பு: துரைராசு எழுதிய இம்மனுவை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே ரேகை வைத்தேன்.